தலையும் வாலும் ஒரே படத்தில்

சலூன்காரருக்கு ஊரில் ‘கூட்ஸ்’ என்றுதான் பெயர். கேமரா வாங்கிய நாளிலிருந்து சரக்கு ரயிலைத் தவிர வேறு எதையும் அவர் படம் பிடித்ததில்லை. மனைவி எத்தனை முறை கேட்டும், "நீ நில்லு, வண்டி வரட்டும், சேர்த்தே எடுத்துடறேன்" என்பார்.

ஊரை ஒட்டிப் போவது ஒற்றைத் தண்டவாளம். அதில் எப்போதாவது வரும் வண்டியும் எலிவால் போல ஏழெட்டுப் பெட்டியோடு முடிந்துவிடும். அவருடைய ஆசையோ பெரிது. கல்குவாரிக்கு அப்பால் தண்டவாளம் குதிரை லாடம் மாதிரி வளைகிறது. அந்த வளைவு முழுக்க ஒரே ரயில் நிற்க வேண்டும்; எஞ்சினும் கடைசிப் பெட்டியும் எதிரெதிரே ஒரே படத்தில் விழ வேண்டும்.

அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய மச்சினன், சரக்கு வேன் ஓட்டுகிறவன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை. அப்போது போன் அடித்தது. ரயில்வே கேட்காரர்.

"மண்சரிவுல நின்னுபோன பெட்டியெல்லாத்தையும் ஒண்ணா கோத்து அனுப்பறாங்க. முன்னாடி ரெண்டு எஞ்சின். இப்பதான் கேட்டைத் தாண்டுது, வாலைக் காணோம் இன்னும்."

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார். "மாப்ள, வேன் சாவி எங்க?"

"பாதி மூஞ்சியோட என்னை எங்க கூப்பிடறீங்க மாமா?"

"அங்க உன்னைப் பாக்க ஆடு மாடுதான் இருக்கு. எழுந்திரு."

ரயில் குன்றைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்கி ஏற வேண்டும். குவாரிச் சாலையில் போனால் முந்திவிடலாம். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான் மச்சினன். பாதி வழியில் ஒரு கல் லாரி சாலையை அடைத்து நின்றது. எத்தனை ஹாரன் அடித்தும் அசையவில்லை. மச்சினனுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. நுரையும் கழுத்துத் துண்டுமாக இறங்கிப் போய் லாரிக்காரரிடம் கையை ஆட்டிப் பேசினான். அந்த முகத்தைப் பார்த்த லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட்டார்.

வளைவை அடைந்ததும் சலூன்காரர் கேமராவோடு குதித்து இறங்கினார். மழைக்குப் புதர் ஆளுயரம் வளர்ந்து, வளைவின் பாதியை மறைத்திருந்தது. வழக்கமாக நிற்கும் மேடு பிரயோசனமில்லை. தூரத்தில் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

"வேன் மேல ஏறுங்க மாமா."

"கூரை நசுங்கிடும்டா."

"நசுங்கட்டும். ஏறுங்க."

மச்சினன் தோள் கொடுத்தான். மேலே நின்று பார்த்தால் வளைவு உள்ளங்கை மாதிரி விரிந்து கிடந்தது. இரண்டு சிவப்பு எஞ்சின்களும் வெயிலில் பளபளத்துத் திரும்பின. பின்னால் பெட்டி, பெட்டி, பெட்டி. பாதி வளைவு நிரம்பியது. எஞ்சின் படத்தின் ஓரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வால் இன்னும் குன்றுக்குப் பின்னால்தான்.

"அமுக்குங்க மாமா, போயிடப்போகுது."

"பொறு."

"எஞ்சின் போனா என்னத்த எடுப்பீங்க?"

"பொறுடா."

விரல் நடுங்கவில்லை. சவரக்கத்தி பிடித்த கை அல்லவா? கடைசிப் பெட்டி குன்றிலிருந்து கழன்று வெயிலுக்கு வந்தது. எஞ்சினின் மூக்குக்கும் படத்தின் ஓரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை. அமுக்கினார்.

எஞ்சின் டிரைவர் வேன் மேல் நின்றவரைப் பார்த்து நீளமாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனார். கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. தலையும் இருந்தது, வாலும் இருந்தது. சலூன்காரர் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே மச்சினன், ஏதோ தானே அந்த ரயிலைப் பெற்றெடுத்தவன் போல, ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

படத்தைக் கதவகலத்துக்குப் பெரிதாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தார். சுவரில் மாட்டியவள் மனைவி. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவருக்கு அது போதும்.

சில நாள் கழித்து ஒருவர் வந்து படத்தின் முன்னால் நின்றார். முடி வெட்ட வந்தவராகத் தெரியவில்லை. அந்த ரயிலை ஓட்டிய டிரைவர்; கேட்காரர் சொல்லித் தேடி வந்திருந்தார். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார்.

"இத்தனை வருஷமா ஓட்டறேன். முன்னாடி பாத்தே ஓட்டணும். பின்னாடி நான் எவ்வளவு இழுக்கறேன்னு இன்னைக்குத்தான் முழுசா பாக்கறேன்."

சலூன்காரர் நாற்காலியைத் துடைத்துப் படத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."