டாக்டரம்மாவின் அத்தா

உக்கடம் மார்க்கெட்டில் செவ்வாய்க்கிழமை கறி வாங்க அவ்வளவாக ஆள் வராது. மற்ற நாளெல்லாம் கத்தியைக் கீழே வைக்க நேரமில்லாத அக்பர் அலிக்கு, மகளைப் போய்ப் பார்க்க அதைவிட்டால் வேறு நாள் இல்லை. மகள் சாஜிதா பேகம் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் டாக்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொண்ணூற்று நான்காம் வருஷம் அது. மாட்டுக்கு ஊசி போட ஒரு பெண் வருவதே அந்த வட்டாரத்துக்குப் புதுசு. அதிலும் தலையில் முக்காடு போட்ட பெண் என்றால் கேட்க வேண்டுமா?

கடையை அடைத்துவிட்டு வந்து அக்பர் அலி குளித்தார். குளித்துவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுத்து நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்தார். தேய்த்துவிட்டு மறுபடியும் குளித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காதோரம் அத்தர்.

"ஏனுங்க, மகளைப் பார்க்கப் போறீங்களா, மாப்பிள்ளையாப் போறீங்களா?" என்று மனைவி ரம்ஜான் பீவி தூக்குப்போசியை நீட்டினாள். உள்ளே தேங்காய்ப்பால் சோறும் தாளிச்சாவும் இருந்தன.

அக்பர் அலி சிரிக்கவில்லை. கறிவாடை மகளின் ஊருக்குள் நுழையக் கூடாது என்பது அவர் கவலை. அதற்குக் காரணம் இருந்தது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்க சாஜிதாவுக்கு இடம் கிடைத்தபோதே தெருவில் கேலி ஆரம்பமாகிவிட்டது. 'அப்பன் அறுக்கிறான், மக தைக்கப் போறா' என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மனுஷ டாக்டருக்கு மார்க் பத்தவில்லையா என்று துக்கம் விசாரிப்பதுபோல வீட்டுக்கே வந்து விசாரித்தவர்களும் உண்டு. அவள் விண்ணப்பம் போட்டதே இது ஒன்றுக்குத்தான் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. அதையெல்லாம் அக்பர் அலி தட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வேலைக்கு உத்தரவு வந்த அன்று மைத்துனன் சொன்னது மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"மச்சான், உங்க தொழில் மட்டும் அந்த ஊருக்குத் தெரிஞ்சுது, ஒருத்தனும் மாட்டை ஓட்டிட்டு வரமாட்டான். மக 'தேறாது'ன்னு கைவிரிப்பா, அத்தா வந்து கயித்தைப் புடிச்சுட்டுப் போவாருன்னுதான் நினைப்பான்."

அக்பர் அலி ஆட்டுக்கறி மட்டுமே விற்கிறவர். மாட்டை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனால் அதை ஊர் ஊராகப் போய்த் தமுக்கடித்துச் சொல்லவா முடியும்? தன்னால் மகளின் பெயர் கெட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொழில் என்னவென்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார்.

மருந்தகம் சின்னக் கட்டடம். வாசலில் மாட்டை நிறுத்தி ஊசி போட இரும்புக் குழாயில் ஒரு தடுப்பு. பக்கத்தில் புங்கமரம். சுவரில் 'டாக்டர் அ. சாஜிதா பேகம்' என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த 'அ' தன்னுடைய 'அ' என்று நினைத்ததும் அக்பர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே வயசான கம்பவுண்டர் ஒருவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். சாஜிதா ஒரு எருமைக்கன்றின் வாயைத் திறந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். முக்காட்டை இறுக்கிப் பின்கழுத்தில் முடிந்திருந்தாள். அத்தாவைப் பார்த்ததும், இதோ வந்துவிடுகிறேன் என்று தலையை ஆட்டினாள்.

மரத்தடியில் கறுப்புக் கிடா ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் அப்புசாமி. கிடாவுக்கு இருமல்.

"வாங்க பாய், உக்காருங்க. எந்தூருங்க?"

"கோயமுத்தூருங்க. டாக்டரு என்ற மகளுங்க." கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெருமையை மட்டும் எந்த எலுமிச்சம்பழம் போட்டும் தேய்த்துப் போக்க முடியவில்லை.

"அட, டாக்டரம்மாவோட அப்பாருங்களா! ரொம்பச் சந்தோசமுங்க. உங்களுக்கு என்னங்க தொழிலு?"

"ஜவுளி வியாபாரமுங்க."

உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, கோவை வட்டாரத்தில் வந்து ஜவுளி என்று பொய் சொல்லலாமா? ஊருக்குப் பாதிப்பேர் மில்லில் கிடந்தவர்கள். அப்புசாமியும் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் ஆர்வமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிங்களா! எத்தனாம் நெம்பர் நூல் துணிங்க விக்கறீங்க?"

"நல்ல நெம்பருதானுங்க."

"காடாவுங்களா, சலவைத் துணியுங்களா?"

"சலவை பண்ணித்தானுங்க குடுப்போம்," என்றார் அக்பர் அலி. அத்தரையும் மீறி அவருக்கு வியர்த்தது. அப்புசாமி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெரிய வியாபாரிகள் தொழிலைப் பற்றி வெளியே பேசமாட்டார்கள் போல என்று விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ராசப்பனும் அவர் சம்சாரம் கருப்பாத்தாளும் ஒரு செவலைப் பசுவை மெல்ல நடத்திக்கொண்டு வந்தார்கள். ராசப்பனின் அப்பன், பாட்டன் எல்லாம் ஊரார் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். இவர் மோட்டார் பம்புப் பட்டறையில் கடைசல் வேலை. சொந்தமாக ஒரு பசு வாங்கிக் கட்டியது அந்த வீட்டில் இவர்தான் முதல் ஆள். அந்தப் பசுவுக்குக் காலையிலிருந்து வலி. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. மருந்தகத்துக்குப் பின்னாலேயே வீடு என்பதால் நடத்தியே கொண்டுவந்துவிட்டார்கள். புங்கமரத்தடிக்கு வந்ததும் பசு அப்படியே படுத்துவிட்டது.

சாஜிதா வெளியே வந்து குனிந்து பார்த்தாள். "தலை பின்னுக்குத் திரும்பியிருக்குதுங்கண்ணா. சுடுதண்ணி கொண்டாங்க, நான் கயிறு எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். கருப்பாத்தாள் வீட்டுக்கு ஓடினாள்.

எல்லார் கண்ணும் பசுவின் மேல் இருந்தது. அக்பர் அலிக்கும் மனசெல்லாம் அங்கேதான். அப்புசாமியின் கிடா அவர் முழங்காலில் வந்து உரசியது. அவர் பார்க்கவில்லை. கை மட்டும் தானாகப் போனது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை அழுத்தி, இடுப்புச் சதையை ஒரு பிடி பிடித்து, வாலடியை உருட்டிப் பார்த்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"பதிமூணு கிலோ தேறும்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.

அப்புசாமி கயிற்றை வெடுக்கென்று இழுத்துக் கிடாவைத் தன் காலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டார். "ஏனுங்க பாய்! ஜவுளிக்காரரு கிடாய்க்கு எடை போடுவாருங்களா? இது கறிக்கடைக் கையாச்சுங்களே!"

அக்பர் அலி எச்சிலை விழுங்கினார். அந்த ஒரு விழுங்கலே வாக்குமூலமாகிவிட்டது.

"அதானே பார்த்தேன், நூலு நெம்பரு தெரியாத ஜவுளிக்காரரானு," என்று அப்புசாமி ராசப்பன் பக்கம் திரும்பினார். "ராசப்பா, யோசனை பண்ணிக்க. மக தேறாதும்பாங்க, அப்பாரு வண்டியோட நிப்பாரு. வைத்தியமும் அவிகளே, வியாபாரமும் அவிகளே."

மைத்துனன் சொன்ன அதே பேச்சு, இம்மி பிசகவில்லை. ராசப்பன் பசுவையும் அக்பர் அலியையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கை பசுவின் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தன் வாயால், தன் கையால் மகளின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டாயிற்று என்று அக்பர் அலிக்குப் புரிந்தது. தூக்குப்போசியைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, பஸ் ஏறிவிடலாம் என்று ரோட்டுப் பக்கம் நடந்தார்.

"அத்தா, எங்க போறீங்க?"

சாஜிதா கயிறும் வாளியுமாக வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கோபமாக இருந்தாள். தன் மேல்தான் கோபம் என்று அக்பர் அலி நினைத்தார்.

"ராசப்பண்ணா, இவரு எங்க அத்தாங்க. உக்கடம் மார்க்கெட்டுல ஆட்டுக்கறிக் கடை வெச்சிருக்காரு. நீங்க யாரும் கேக்கலை, கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன். அந்தக் கடைதான் என்னைப் படிக்க வெச்சுது. நோவு கண்ட ஆடு ஒண்ணுகூட அந்தக் கடைக்குள்ள வந்ததில்லைங்க. பயமா இருந்தா மாட்டை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நானே சீட்டு எழுதித் தாரேன். ஆனா கன்னுக்கு அவ்வளவு நேரமில்லீங்க."

"மாடு தேறுமுங்களா?" என்று கேட்டார் ராசப்பன்.

"மாடு தேறும். கன்னு எப்படீன்னு கையை விட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

சுடுதண்ணீரோடு வந்த கருப்பாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். குண்டாவை டொக்கென்று கீழே வைத்தாள்.

"ஏனுங்க, மாடு முக்கீட்டுக் கெடக்குது, நீங்க பஞ்சாயத்தா பேசீட்டு இருக்கறீங்க? தேறாதுன்னு சொல்லறவிகளுக்கல்ல பயப்படோணும்? இந்த அம்மிணி தேறும்னு சொல்லுதுங்க. நீங்க பாருங்க கண்ணு, நான் மாட்டைப் புடிச்சுக்கறேன்."

சாஜிதா வளையலைக் கழற்றி அக்பர் அலியின் சட்டைப்பையில் போட்டாள். கையில் தோள்வரை சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டாள். கன்றை முதலில் உள்ளே தள்ளினாள். வெளியே இழுக்க வேண்டியதை உள்ளே தள்ளுகிறாளே என்று அப்புசாமி வாயைத் திறந்தார், கருப்பாத்தாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இடம் கிடைத்ததும் சாஜிதாவின் கை இன்னும் உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைப் பசுவின் தொடையில் வைத்து அழுத்தியபடி தேடினாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. பசு ஒருமுறை முக்கியபோது அவள் கை எலும்புக்கு நடுவில் நசுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்க்க மாட்டாமல் அக்பர் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயிரம் ஆட்டை அறுத்தவர் அவர்.

"மூக்கு கெடைச்சிருச்சு," என்றாள். பிறகு மெல்ல, "தலை வந்திருச்சு. அத்தா, கயித்தைப் புடிங்க. அப்புசாமியண்ணா, கிடாயைக் கட்டிப்போட்டு நீங்களும் வாங்க. நான் சொல்றப்ப இழுக்கோணும். சொல்லாம இழுக்கக் கூடாது."

கறிக்கடைக்காரரும் மில்காரரும் ஒரே கயிற்றில் நின்றார்கள். அக்பர் அலி கயிற்றைக் கையில் சுற்றும்போது 'பிஸ்மில்லாஹ்' என்றார். தினமும் விடிகாலையில் கத்தியை எடுக்கும்போது சொல்லும் அதே சொல்தான். ஒரு உயிர் வருவதற்காக அதைச் சொல்கிறோம் என்று நினைத்ததும் அவர் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இப்ப... கீழ் பக்கமா... நிறுத்துங்க. அது மூச்சு வாங்கட்டும். இப்ப இழுங்க!"

சின்ன வயதில், அம்மா கொடுத்தனுப்பும் டீயோடு கடைக்கு வந்து நின்ற பெண், இன்று நடு வாசலில் நாலு பேரை அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடி இழுத்தார், சொன்னபடி நிறுத்தினார். பெற்ற பிள்ளைக்குக் கீழ்ப்படிவதில் இத்தனை இனிப்பு இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கன்று வழுக்கிக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தது. அசைவில்லை. சாஜிதா அதன் வாயையும் மூக்கையும் வழித்துவிட்டாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள். நெஞ்சைத் தேய்த்தாள். ஒரு வைக்கோல் குச்சியை எடுத்து மூக்கில் விட்டு ஆட்டினாள். கன்று ஒரு தும்மல் போட்டது. இன்னொரு தும்மல். பிறகு காதை உதறியது.

"கெடாரிக் கன்னுங்கக்கா, பொட்டைக் கன்னு," என்றாள் சாஜிதா, கருப்பாத்தாளைப் பார்த்து. அவ்வளவு நேரம் அதிகாரமாக இருந்த குரல் அப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது.

பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது. ராசப்பன் இரண்டு கையையும் கூப்பினார். கருப்பாத்தாள் சாஜிதாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். அக்பர் அலி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். வெட்கப்படவில்லை. இந்த மகளைப் பெற்றவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? பஸ்ஸில் வரும்போது கட்டிய பொய்யை நினைத்துத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ரோட்டில் போன சைக்கிள்காரர்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தமும் சளியுமாக நின்ற மனிதரைப் பார்த்து, "இவரு யாருங்க, புது கம்பவுண்டருங்களா?" என்று கேட்டார்.

அப்புசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அக்பர் அலி முந்திக்கொண்டார்.

"இல்லீங்க. என்ற பேரு அக்பர் அலி. உக்கடத்துல ஆட்டுக்கறிக் கடை வெச்சிருக்கேனுங்க," என்றார், புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "டாக்டரு என்ற மகளுங்க."

சைக்கிள்காரர் அவரைப் பார்த்தார், சாஜிதாவைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். "பெரிய விசயமுங்க," என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

சாஜிதா தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "அடுத்தது யாருங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள். அப்புசாமி தன் கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கட்டடத்து வாசல்வரை போனவர், கம்பவுண்டரிடம் சீட்டு வாங்க வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து கயிற்றை அக்பர் அலியின் கையில் வைத்தார்.

"பாய், இதைச் சித்த புடிச்சுக்கங்க. சீட்டு வாங்கீட்டு வந்தர்றேன்."

சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.