பின்சீட்டு அம்மணி

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் எந்நேரமும் அதன் மேலேயே இருக்கும். ஆனால் சட்டென்று மிதித்துவிட மாட்டாள். கடைசி நொடிவரை பொறுத்துப் பார்த்து, கற்றுக்கொள்கிறவர் தானாகவே மிதித்துவிட்டால், “பாத்தீங்களா, நான் ஒண்ணுமே பண்ணலை” என்பாள். ஸ்கூல் அவள் தம்பியுடையது. ‘கல்லாப்பெட்டி தம்பிகிட்ட, வாய் அக்காகிட்ட’ என்று ஆபீஸுக்கு டீ கொண்டுவருகிறவர் சொல்வார். அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்.

அவளிடம் வண்டி கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி நாய்கள் காப்பகத்து டாக்டரம்மா. ஒருநாள் அவள் போன் செய்தாள்.

“அக்கா, ஒரு நாய் வந்திருக்கு. இங்க கூண்டுல வெச்சா பட்டினி கெடந்தே செத்துடும் போலிருக்கு. தத்தெடுக்க நல்ல ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க வெச்சுக்க முடியுமா?”

“என்ன பண்ணும் அந்த நாய்? கடிக்குமா?”

“ஒண்ணுமே பண்ணாது. அதான் பிரச்சினை.”

இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பட்டறையின் பின்புறத்தில் கண்டெடுத்த பெண் நாய் அது. குட்டையான உடம்பு, மங்கிய பழுப்பு நிறம். கழுத்தைச் சுற்றி முடியே இல்லாமல் ஒரு வளையம். யாரோ குட்டியாக இருக்கும்போது கட்டிய சங்கிலியை, வளர்ந்த பிறகும் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். சங்கிலி சதைக்குள் புதைந்து, டாக்டரம்மா வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாய் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. குரைக்கவில்லை, முனகவில்லை. தட்டை வைத்துவிட்டு எல்லோரும் அறையைவிட்டு வெளியே போனால்தான் சாப்பிடும். பிரேக் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். வேலைவிட்டு வந்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, “அம்மணி இன்னிக்காவது வெளிய எழுந்தருளினாங்களா?” என்று கேட்பார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அம்மணி எழுந்தருளவில்லை. இருவரும் வேலைக்குப் போன நேரத்தில் தன் முன்னங்காலைத் தானே கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. அதைப் போர்வையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, கையோடு இருந்த ஸ்கூல் காரிலேயே டாக்டரம்மாவிடம் ஓடினாள் பிரேக் அக்கா. வண்டியில் விட்டதுதான் தாமதம், அது முன்சீட்டுக்கடியில் புகுந்துகொண்டது. என்ஜின் ஓடியது. பாதி வழியில் சிக்னலில் நின்றபோது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குனிந்து பார்த்தாள். குறட்டை. வந்த நாளிலிருந்து அந்த நாய் கண்ணை மூடி அவள் பார்த்ததே இல்லை.

மறுநாளிலிருந்து அம்மணியும் வேலைக்கு வந்தது.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அக்கா, இது டிரைவிங் ஸ்கூல். சர்க்கஸ் இல்ல. வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“வர்றவங்க ரோட்டைப் பாக்கட்டும். சீட்டுக்கடியில எதுக்குப் பாக்கறாங்க?”

நாய்முடி ஒத்துக்கொள்ளாத ஒருவரை மட்டும் வேறு காருக்கு மாற்ற வேண்டியிருந்தது. மற்றவர்கள் பழகிவிட்டார்கள். தங்களைவிடப் பயந்த ஒரு ஜீவன் வண்டிக்குள் இருப்பது அவர்களுக்கு ஒரு தெம்பாகக்கூட இருந்திருக்கலாம்.

அப்போதுதான் கிடங்குக்காரர் வந்தார். ஊரின் ஓரத்தில் பெரிய சரக்குக் கிடங்கு வைத்திருக்கிறவர். தன் டிரைவர்கள் எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, கிடங்கு வாசலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். தம்பி வாயெல்லாம் பல்லாக, “நம்மகிட்டயே ஒண்ணு இருக்கே, எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டான். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வகுப்பு முடித்து அவள் காரை நிறுத்தியபோது இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். கிடங்குக்காரர் பின்கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, இரண்டு கையையும் தட்டினார். சீட்டுக்கடியிலிருந்து சிறுநீர் ஒரு கோடாக வழிந்து வந்தது.

“பயந்த நாய்தான் நல்லாக் குரைக்கும்” என்றார் அவர் திருப்தியாக. “வாசல்ல கட்டிப்போட்டா ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“எதால கட்டுவீங்க?” என்று கேட்டாள் பிரேக் அக்கா.

“என்னம்மா கேள்வி? சங்கிலியாலதான்.”

அவள் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். “கொடுக்க முடியாது.”

“அக்கா…” என்றான் தம்பி.

“நீ வாக்குக் கொடுத்தா உன் நாயைக் கொடு. இது உன் நாய் இல்ல.”

கிடங்குக்காரருக்கு முகம் சிவந்தது. அதுவரை வாங்க போங்க என்று இருந்தவர், “நீயா இங்க முதலாளி?” என்றார்.

“ஸ்கூலுக்கு இவன் முதலாளி. நாய்க்கு முதலாளின்னு இதுவரைக்கும் ஒருத்தன் இருந்தான், அவன் லட்சணம் அது கழுத்துல இருக்கு. இனிமே அப்படி ஒருத்தன் வேண்டாம். நீங்க போகலாம்.”

அவர் போனார். அவருடைய டிரைவர்களும் அவரோடு வேறு ஸ்கூலுக்குப் போனார்கள். அது சின்ன நஷ்டமில்லை. தம்பி ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு வெளியே வந்து, “நாய் என் வண்டியில ஏறினா நீ இறங்கிடு” என்றான்.

“இறங்கறேன்.” சாவியை மேஜைமேல் வைத்தாள். அம்மணியைப் போர்வையோடு அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தாள். ஆனால் வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

“தப்புப் பண்ணிட்டேனா?” என்று கணவரைக் கேட்டாள்.

அவர் யோசித்தார். “பண்ணலை. ஆனா உன் தம்பியும் பாவம்தான்.”

மறுநாள் தம்பியே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வகுப்பெடுத்தான். அவன் போட்ட கத்தலில் ஒரு பெண் நடைபாதைமேல் வண்டியை ஏற்றிவிட்டாள். இன்னொருவர் நடுரோட்டில் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு நடையைக் கட்டினார். மத்தியானம் தம்பி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். எங்கோ பார்த்துக்கொண்டு, “சாவியை மேஜையிலயே மறந்துட்டு வந்துட்ட” என்றான்.

“மறக்கலை. வெச்சுட்டு வந்தேன்.”

“சரி, இந்தா.”

“ரெண்டு பேரும்தான் வருவோம்.”

அவன் பெருமூச்சு விட்டான். “பழைய கார்லதான் ஏத்தணும். புதுசுல ஏத்தக் கூடாது.” அந்த அளவில் அவன் மானத்துக்காக அவள் விட்டுக்கொடுத்தாள்.

இந்த வெற்றி அவளுக்குத் தலைக்கேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பிறகு டாக்டரம்மா அனுப்பிய ஒருவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள், பால்கனி சின்னதாம். ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார், வீட்டில் படி அதிகமாம். ஒரு டீச்சர் வந்து காருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் போட்டிருந்த சென்ட் வாசனை நாய்க்கு ஆகாதாம்.

டாக்டரம்மா நேரடியாகவே கேட்டுவிட்டாள். “அக்கா, நீங்க ஆள் பாக்கறீங்களா, ஆள் கழிக்கறீங்களா?”

“வந்தவங்க யாரும் சரியில்ல.”

“அப்படின்னா நீங்களே வெச்சுக்குங்க.”

அதுவும் நடக்கிற காரியமில்லை. வீடு நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். காரே கதி என்று ஒரு நாயை ஆயுளுக்கும் சீட்டுக்கடியில் வைத்திருக்க முடியாது. அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் காய்கறி மொத்தக் கடைக்காரி ஒருத்தி வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தாள். முதலில் காரில் கை பழகட்டும் என்று தம்பி அக்காவிடம் அனுப்பினான். நல்ல ஆகிருதி. குரல் அதைவிடப் பெரிது. ‘வணக்கம்’ என்றாலே ஜன்னல் அதிரும். கூட வண்டி கற்றவர்கள் ‘மைக்செட்’ என்று பெயர் வைத்தார்கள். “அதென்ன மைக்செட்டு, கரண்டு இல்லாமலே வேலை செய்வேன்” என்று அதையும் உரக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு வகுப்பு. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்சீட்டில் காத்திருப்பார். மைக்செட் பின்னால் உட்கார்ந்து, தக்காளி அழுகியதையும் லாரிக்காரன் ஏமாற்றியதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தாள். நாய் நடுங்கிச் சாகப்போகிறது என்று பிரேக் அக்கா தனக்கென்று வைத்திருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

அம்மணி வெளியே வந்திருந்தது. மைக்செட்டின் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. யாரிடமும் அது இப்படிப் போனதில்லை. பிரேக் அக்காவிடமும்தான்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ எரிச்சல்.

வகுப்பு முடிந்து இறங்கியதும் மைக்செட் கேட்டாள். “இந்த நாயை யாருக்கோ குடுக்கப் போறீங்களாமே? எனக்குக் குடுங்களேன்.”

“உங்களுக்கு ஒத்துவராது. பயந்த நாய். உங்க சத்தத்துக்கு அது தாங்காது.”

மைக்செட்டின் முகம் மாறியது. “என் தொண்டைதான் பெருசு. இதுவரைக்கும் ஒரு உசுரு மேலயும் கை நீட்டினதில்ல. உங்களுக்குக் குடுக்க மனசில்ல, அதைச் சொல்லிட்டுப் போங்க. என் தொண்டை மேல ஏன் பழியைப் போடறீங்க?”

ஊரில் யாரும் பிரேக் அக்காவிடம் இப்படிப் பேசியதில்லை. அவள் கார்க் கதவைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள்.

அடுத்த வகுப்புக்கு மைக்செட் வந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஏதாவது கேட்டால் கிசுகிசுவென்று பதில் வந்தது. ரோஷம். பின்சீட்டில் சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தால், அம்மணி சீட்டுக்கடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது, உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. காதுகள் நிமிர்ந்து எதற்கோ காத்திருந்தன. கிசுகிசுப்பைக் கேட்டதும் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

பிரேக் அக்கா கொஞ்ச தூரம் பொறுத்தாள். முடியவில்லை. “பேசுங்க” என்றாள்.

“எதுக்கு? தாங்காதுன்னீங்களே.”

“பேசுங்கன்னு சொல்றேன்ல.”

“என்னத்தைப் பேச?”

“தக்காளி என்ன ஆச்சு?”

“அதை ஏன் கேக்கறீங்க!” என்று மைக்செட் ஆரம்பித்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அதிர்ந்து கியரை மாற்றிப் போட்டார். அம்மணி வெளியே வந்து, அவள் காலடியில் ஒருமுறை சுற்றி, பொத்தென்று படுத்தது.

அப்போதுதான் பிரேக் அக்காவுக்கு உறைத்தது. மைக்செட்டின் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது, ஒளிவு மறைவு கிடையாது. அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்யப் போகிறாள் என்பது கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். சத்தமில்லாமல் பக்கத்தில் வருகிறவர்களிடம்தான் அந்த நாய் அடிபட்டிருக்க வேண்டும். தானும் இத்தனை நாள் பூனைபோல் நடந்து, தட்டைச் சத்தமில்லாமல் வைத்து அதைப் பயமுறுத்திக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

ஆனாலும் சும்மா விடவில்லை. வீட்டைப் பார்த்தே தீருவேன் என்று அம்மணியையும் ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவோடு போனாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. சாக்கு மூட்டைகள், எடைமேடை, ஈரத் தரை. கூடத்தில் நாற்காலியில் மைக்செட்டின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம், கத்தினால்தான் கேட்கும். அவள் குரல் அத்தனை பெரிதானதற்குக் காரணம் அவர்தான். சங்கிலி ஏதாவது இருக்கிறதா என்று பிரேக் அக்கா கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

“பாத்தாச்சா? மெத்தைக்கடியிலயும் பாத்துடுங்க” என்றாள் மைக்செட்.

“பாப்பேன்” என்று சொல்லிப் பார்த்தாள்.

அம்மணி மூட்டைகளை முகர்ந்தது, பெரியவரின் கைத்தடியிலிருந்து தூர விலகி நின்றது. எல்லாம் பேசி முடித்து பிரேக் அக்கா காருக்குப் போனபோது, அதுவும் பின்னாலேயே ஓடிவந்து ஏறி சீட்டுக்கடியில் புகுந்துகொண்டது.

“பாத்தீங்களா?” என்றாள் பிரேக் அக்கா. குரலில் வெற்றி இருந்தது.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மைக்செட் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ஜினைப் போட வேண்டியதுதான் பாக்கி. பிரேக் அக்காவின் கை சாவியில் இருந்தது. திருப்பவில்லை. காரை விட்டு இறங்கி, பின்கதவை அகலத் திறந்துவைத்தாள். தள்ளிப்போய் நின்றாள்.

உள்ளேயிருந்து, “அப்பா! டீ போடவா?” என்று மைக்செட்டின் குரல் கேட்டது.

சீட்டுக்கடியிலிருந்து ஒரு காது வந்தது. பிறகு தலை. அம்மணி இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு, டீ போடுகிற இடத்தை நோக்கி விறுவிறுவென்று போனது.

திரும்பும் வழியெல்லாம் பிரேக் அக்கா அழுதாள். ஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி காருக்குள் எட்டிப் பார்த்தான்.

“போயிடுச்சா?”

“ம்.”

காலியான சீட்டுக்கடியைப் பார்த்தபடி, “நல்ல நாய்தான்” என்றான். பிறகு, “இனிமே வண்டி சுத்தமா இருக்கும்ல?”

“இருக்காது. டாக்டரம்மா இன்னொண்ணு வெச்சிருக்கா. நாளைக்குக் கூட்டிட்டு வரேன்.”

“அக்கா!”

“இது கொஞ்சம் பெரிய நாய். சீட்டுக்கடியில கொள்ளாது.”

“அப்ப எங்க உக்காரும்?”

“புதுக் கார்ல இடம் தாராளமா இருக்கே” என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்குக் காத்திருந்தவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.