கயிறு போக மற்றதெல்லாம்

காரை விற்கத்தான் கதிர்வேல் விளம்பரம் போட்டான். ஆனால் வந்தவர்களை அவன் விரட்டிய விரட்டைப் பார்த்தால் யாரும் அப்படி நம்பமாட்டார்கள். மைலேஜ் கேட்டவரிடம், "நீங்க மொபெட்டு வாங்கிக்கங்க" என்றான். மேலே கேரியர் போடலாமா என்று கேட்டவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இப்படி நாலு பேர் போயாயிற்று.

சங்ககிரியில் இரண்டு லாரி ஓடுகிற வீடு. லாரி சம்பாதித்ததில் பாதியை அந்த நீல நிற ஜப்பான் கார் தின்றிருந்தது. இஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ, புகைபோக்கி மாதிரி சைலன்சர், துணி காயப்போடத் தோதாகப் பின்னால் ஓர் இறக்கை, பந்தயக்காரர்கள் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் சிவப்பு பெல்ட். தரையை ஒட்ட இறக்கியிருந்ததால் எலியும் குனிந்துதான் அடியில் போக வேண்டும்.

மனைவி தனப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். போன மாதம் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனார்கள். இரண்டு பேர் எடையோடு வேகத்தடை ஏறினால் அடி இடிக்கும் என்று ஒவ்வொன்றிலும் அவளை இறக்கி நடக்கவிட்டு, அந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டான். பதினோரு தடவை. பன்னிரண்டாவதில் அவள் ஏறவில்லை. பின்னால் வந்த தவிட்டு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, அவனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். "வளைகாப்பு முடிஞ்சு அம்மா ஊட்டுக்குப் போறேனுங்க. இந்த வண்டி இங்க நிக்கிற வரைக்கும் புள்ளையத் தூக்கிட்டுத் திரும்பி வரமாட்டேன்."

வளைகாப்புக்கு இன்னும் மூன்று நாள். ஐந்தாவதாக வந்தவள் ரஞ்சனி. வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற குடும்பம். கூட வந்த அவள் அப்பா மருதாசலம் மட்டுமே இரண்டு ஆள் எடை இருப்பார். ரஞ்சனி துப்பட்டாவைத் தரையில் விரித்துப் படுத்து வண்டியின் அடியைப் பார்த்தாள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மூணாவது கியர்ல கொஞ்சம் முனகுதுங்ணா. பாவம், ஆயில் மாத்தோணும்" என்றாள்.

பாவம் என்ற அந்த ஒரு சொல்லில் கதிர்வேல் விழுந்துவிட்டான். விலை படிந்தது. எதையும் கழற்றாமல் அப்படியே வைத்துக்கொள்வதாகவும் அவள் சொன்னாள். சாவியைக் கேட்டு அவள் கை நீட்டியதும், அவன் சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒன்னு மட்டுங்க. எங்க ஊட்டுல மாட்ட வித்தாக் கயித்தக் குடுக்கறதில்லீங்க. அது போனாப் பட்டியோட ராசியும் போயிரும். வாங்கறவங்க புதுக் கயிறு கொண்டாரோணும்."

"சரிங்ணா. இதுல கயிறு எது?"

"ஸ்டீயரிங்குங்க."

"அப்பறம் எப்படிங்ணா ஓட்டிட்டுப் போறது?"

"அப்ப டர்போவக் கழட்டிக்கறேன்."

"எங்க ஊட்டுல மாடு கெடையாதுங்ணா, தறிதான். இருந்தாலும் கேக்கறேன். மாட்டோட ஈரலப் புடுங்கி வெச்சுக்கிட்டு, அதக் கயிறும்பீங்களா?"

வாசலில் நின்றிருந்த தனப்பிரியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க மாமா, எது கட்டி வெச்சுதோ அதுதானுங்க கயிறு" என்று சிவப்பு பெல்ட்டைக் காட்டினாள்.

"நான் புதுசு போட்டுக்கறேங்ணா" என்றாள் ரஞ்சனி.

கதிர்வேல் ஸ்பேனரை எடுத்து வந்தான். உள்ளே குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். பத்து நிமிட வேலைக்கு அரைமணி ஆயிற்று. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கிரீஸ் பட்டுவிட்டது என்றான். யாரும் கேட்கவில்லை.

கார் கிளம்பியது. தெருமுனையில் வேகத்தடை. மருதாசலம் இறங்குவார் என்று கதிர்வேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவர் இறங்கவில்லை. ரஞ்சனி வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒரு சக்கரத்தை ஏற்றினாள், பிறகு அடுத்ததை. ஓர் உரசல் சத்தம்கூட இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

தனப்பிரியா அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஏனுங்க. அப்ப என்னைய எதுக்குப் பன்னெண்டு தடவ எறக்கி உட்டீங்க?"

கதிர்வேல் பெல்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தான். அவன் கையில் தொங்கிய பெல்ட்டின் நுனியை அவள் பிடித்துக்கொண்டாள்.

"கயிறு இப்ப என் கையிலதானுங்க இருக்குது. நடங்க ஊட்டுக்குள்ள."