பாப்பா தூங்கட்டும்

மருதப்பனுக்கு நகை வேலை. சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் நாள் பூராவும் ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருப்பவன். எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு நகை செய்து போட்டால் சரியாகிவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதனால்தான், பெண்டாட்டி லீலா கண்ணை மூடுவதே இல்லை என்று ஆனதும், அவன் பிள்ளைக்குக் கொலுசு செய்தான்.

லீலா தூங்காததற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய தலைச்சன் பையன் மூன்றாம் மாதத்தில், பட்டப்பகலில், தூளியில் தூங்கியவன், எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. காலையில் பால் குடித்துவிட்டுச் சிரித்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் டாக்டர் காரணம் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. கண்ணேறு என்றார்கள். குவீன்ஸ்டவுன் பிளாட்டில் பால் காய்ச்சின நேரம் சரியில்லை என்றார்கள். மருதப்பனின் அக்கா பூவம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏப்பம் எடுக்காம தூளியில போட்டிருப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சின்ன பிளாட்டில் யார் மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும்.

இரண்டாவது பிறந்தது பெண். முதல் இரண்டு மாதம் லீலா நன்றாகத்தான் இருந்தாள். மூன்றாம் மாதம் பிறந்ததும் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறிப்போகும். துவைத்த துணி வாளியிலேயே நாறும். மருதப்பன் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் வழக்கத்தைவிட நிறைய மணி கோத்து ஒரு வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்து பிள்ளையின் காலில் மாட்டினான்.

"கால் ஆடினா சத்தம் கேக்கும்லா. சத்தம் கேட்டா பாப்பா நல்லா இருக்குன்னு அர்த்தம். நீ நிம்மதியா படு" என்றான்.

தூங்குகிற பிள்ளை காலை ஆட்டுமா? இந்தச் சின்ன விஷயம் அந்தக் கெட்டிக்காரனுக்குத் தோன்றவில்லை. பிள்ளை அயர்ந்து தூங்கினால் வீடே நிசப்தமாகிவிடும். லீலா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், உள்ளங்காலைச் சுரண்டுவாள். கொலுசு குலுங்கும், பிள்ளை வீல் என்று கத்தும், லீலாவுக்கு உயிர் வரும். ராப்பகலாக இதே கூத்து. பிள்ளை கண் சிவந்து, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தது.

கிளினிக்கில் எடை பார்க்கும் நாளில் மருதப்பனும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். மிஸ்ஸி என்றுதான் இங்கே நர்ஸை எல்லாரும் கூப்பிடுவது. அந்த மிஸ்ஸி யாழ்ப்பாணத்து அம்மாள். தராசைப் பார்த்தார், பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், பிறகு லீலாவின் கண்ணைப் பார்த்தார்.

"நிறை கூடேல்லையே. பிள்ளை நித்திரை கொள்ளுறேல்லையோ?"

மருதப்பன்தான் மென்று விழுங்கி, மூத்தவன் போனதையும் கொலுசுக் கதையையும் சொன்னான். தன் கெட்டிக்காரத்தனத்தை வாய்விட்டுச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மிஸ்ஸி லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அப்படி நடக்குதெண்டு டாக்டர்மாருக்கே தெரியாது அம்மா. ரெண்டு மாசத்திலயிருந்து நாலு மாசம் வரைக்கும்தான் பயம் கூடுதல். ஆறு மாசம் தாண்டினா நல்லாக் குறைஞ்சிடும். வருஷம் திரும்பினா அநேகமா இல்லை. ஆனா அதுவரைக்கும் பிள்ளையை நித்திரை கொள்ள விடாம வச்சிருக்க ஏலாது. அது பிள்ளைக்குக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மருதப்பன் கொலுசைக் கழற்றினான். லீலா தடுக்கவில்லை. பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். அது ஒரு கொட்டாவி விட்டது, அவ்வளவுதான், தூங்கிப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து லீலாவின் கை மெல்ல நீண்டது.

"வேணாம் லீலா, தூங்கட்டும்" என்றான்.

கையை இழுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு அவன் ரொம்ப நேரம் தூங்கினான். இன்னும் எந்திரிக்கலையேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. தலைக்குக் குளிச்சேன். சூடா சோறு சாப்பிட்டேன். பாட்டுகூடப் பாடினேன். உள்ள அவன் போயிட்டான், நான் பாடிக்கிட்டு இருக்கேன்."

பூவம்மா சொன்னதெல்லாம் இவளுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது மருதப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு வெந்திருக்கிறாள்.

"கடைக்குப் போன் வந்தப்போ நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், லீலா. பிள்ளை தூங்கினா எந்தத் தாயும் சந்தோஷம்தான் படுவா. அது குத்தமா?"

லீலா அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழாதவள். அழுது ஓய்ந்து, பாயின் ஓரத்தில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

கீழே ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். யாரோ மலாய்க்காரப் பெண் மாடிப்படியில் பிள்ளைகளை அதட்டினாள். பிறகு சத்தமே இல்லை. மருதப்பன் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறியது, இறங்கியது. ஏறியது. இறங்கி, அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமானது போல இருந்தது. அவனை அறியாமலே அவன் கை பிள்ளையின் உள்ளங்காலை நோக்கிப் போயிற்று.

பாதத்தைத் தொடும் முன்னே வயிறு மறுபடி ஏறியது. மருதப்பன் கையைத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டான். இவ்வளவு நாளும் இதை இவள் ஒண்டியாகச் செய்திருக்கிறாளே என்று நினைத்து, லீலா எழுந்திருக்கும்வரை அவன் இடத்தைவிட்டு அசையவே இல்லை.