நேராக நின்றவள்

தையல்கடைக்கு மேலிருந்த ஸ்டுடியோவில், வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சாய்ந்தார்கள். கால் தரையிலிருந்து பெயராது. உடம்பு மட்டும் சுவரில் சாத்திய ஏணிபோல ஒரு பக்கமாகப் போகும். யாரும் விழுந்ததில்லை. கட்டட மேஸ்திரி வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையில் கோளாறில்லை என்று சொல்லி எழுந்தவர், துறைமுகத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றார். அவருடைய மகன் கப்பலில் வேலை பார்த்தான். யார் இல்லாமல் முடியாதோ அவர் இருக்கும் திசைக்குத்தான் உடம்பு போகிறது என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. கல்யாணத்துக்கு முன் ஜோடியாக வந்து நின்று பார்த்தவர்களும் உண்டு. ஒரு ஜோடி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டு, படத்தை வாங்க வரவே இல்லை. புகைப்படக்காரி கேமராவையும் அதே அளவு சரித்து, ஆட்களைப் படத்தில் நேராக்கப் பழகிக்கொண்டாள்.

ஸ்டுடியோ தொடங்கிய மூன்றாம் வருஷம் அவள் கணவர் பஸ் மோதி இறந்தார். எட்டாம் நாள் ஸ்டுடியோவைத் திறந்தாள். துணைக்கு வந்திருந்த அக்கா அவளைத் திரைக்கு முன்னால் தள்ளினாள்.

“நீயும் ஒரு தடவ நின்னு பாருடி.”

நின்றாள். எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் அசையவில்லை.

“அழவும் மாட்டேங்கிற, சாயவும் மாட்டேங்கிற. உனக்கு என்னதான்டி ஆச்சு?”

“தெரியலக்கா. பசிக்குது.”

துணைக்கு வந்த அக்கா பதினோரு வருஷம் இருந்துவிட்டாள். பிறகு வெளிநாட்டிலிருந்த மகன் அவளைக் கூப்பிட்டான். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. மகன் இருப்பது மேற்கே என்பதால் புகைப்படக்காரி கேமராவை முன்கூட்டியே சரித்து வைத்தாள். அக்கா மேற்கே போகவில்லை. நேர் முன்னால், கேமராவுக்குப் பின்னால் நின்ற தங்கையை நோக்கிச் சாய்ந்தாள்.

“நேரா நில்லுக்கா.”

“நிக்கத்தான்டி பாக்கறேன். முடியல.”

“வேற ஸ்டுடியோவுல எடுத்துக்கலாமா?”

“நீ இருக்கறப்ப வேற ஒருத்தன் எடுக்கறதா?”

நெற்றி பெரிதாகத் தெரிகிறது என்று அலுவலகம் இரண்டு படங்களைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை புகைப்படக்காரி டைமர் வைத்துவிட்டு அக்காவின் பின்னால் போய் நின்றாள். குள்ளமானவள், முழுவதும் மறைந்துபோனாள். உடனே அக்கா திசை மாறி, முழுப் பாரத்தோடு அவள் மேல் சாய்ந்தாள். புகைப்படக்காரி இரண்டு கையாலும் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். தானாக எந்தப் பக்கமும் சாயாதவள் என்பதால் அவளால் அது முடிந்தது. அக்காவின் முதுகு சூடாக இருந்தது. பத்து வினாடி அப்படியே நின்றார்கள்.

தோளில் நான்கு விரல்கள் தெரிந்த அந்தப் படத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது.