பென்கார் வீட்டுக் கேப்டனின் கல்

1

இந்தக் கதை எனக்குச் சிற்றாலய வாசலில், தேநீர் வரிசையில் கிடைத்தது. காதில் விழுந்தது நாலே வரி. மிச்சத்தை நான் வளர்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதல் தொடக்கம்: "யானை உயர அலைகளுக்கு நடுவே கேப்டன் தாமஸ் டேவிஸ்..."

யானை வேண்டாம். கார்டிகன் கடற்கரையில் யானைக்கு என்ன சோலி?

2

டெக்வெனிலிருந்தே தொடங்குகிறேன். அந்த மாவட்டத்தில் யாருடைய வம்சாவளியையும், அவர் தும்மி முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். மாலுமிகளைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கிய பென்கார் வீட்டுக் கேப்டன்தான் தன் கொள்ளுத் தாத்தா என்பது அவளுக்குப் பெருமை. அவர் பெயர் வெட்டிய நினைவுக்கல் சிற்றாலய வெளிச்சுவரில் துணி மூடி, திறப்பு விழாவுக்குத் தயாராக இருந்தது. உள்ளே கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, பள்ளித் தோழன் இத்தெல் அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"உன் கொள்ளுத் தாத்தா பென்கார்ல பொறந்தவரா, குடிவந்தவரா?"

"ஊரே பென்கார் கேப்டன்னுதானேடா கூப்பிட்டுது?"

"ஊரு வீட்டை வச்சுத்தான் கூப்பிடும். மில் வீட்டுல குடியிருக்கேன்னு என்னை மில்லுங்கிறீங்க. நான் என்னைக்குடி மாவரைச்சேன்?"

(பாதி ஊர் டேவிஸ், மீதி ஜோன்ஸ். வேறு எப்படித்தான் கூப்பிடுவது?)

"மூழ்கினவரு எங்க கொள்ளுத் தாத்தா. அப்புறம் அந்த வீட்டுக்கு வெண்ணெய் விக்கிற இன்னொரு தாமஸ் டேவிஸ் குடிவந்தாரு, அவருதான் உன் கொள்ளுத் தாத்தா. கேப்டன் பட்டமும் வீட்டோட சேர்ந்து வந்துது. அவரு படகைப் பாத்தாலே வாந்தி எடுப்பாராம்."

(வாந்தி என் கைச்சரக்கு. வெண்ணெய் நிஜம்.)

"இத்தனை வருஷம் ஏண்டா சொல்லலை?"

"நீ அவரை அவ்வளவு ஆசையா வச்சிருந்தே. எங்க வீட்டுல அவரைப் பத்தி யாரு பேசினா?"

"அப்ப இன்னைக்கு மட்டும் என்ன?"

"காலையில துணியைத் தூக்கிப் பாத்தேன். அவரு பேருக்குக் கீழே 'குடும்பத்தார்'னு உன் பேரு இருந்துது."

டெக்வென் முகம்

(இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். முகம் பிடிபடவில்லை.)

3

முடிவு ஒன்று: அவள் வாய் திறக்காமல் துணியை இழுக்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள், இத்தெலும்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். நூறு வருஷம் ஊர் சிரிக்கிறது, கடற்காகங்கள் உட்பட. அவளை வெண்ணெய் என்று கூப்பிடுகிறார்கள்.

முடிவு மூன்று: இருவரும் சேர்ந்து இழுத்து, கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சர்க்கரை தூக்கல். அடித்துவிட்டேன்.

பாட்டு முடிந்துவிட்டது. கூட்டம் சுவர்ப்பக்கம் திரும்புகிறது. துணியின் ஒரு நுனி டெக்வென் கையில், மறு நுனி காற்றில் ஆடுகிறது. இத்தெல் இரண்டடி தள்ளி, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி நிற்கிறான். அவள் அவனைத்தான் பார்க்கிறாள்.

என் தேநீர் ஆறுகிறது. நீங்கள் சொல்லுங்கள், யாரை இழுக்கச் சொல்லட்டும்?