வலப்பக்கச் சக்கரம்

தோரா அடுக்குக் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள். தம்பி எய்னர் மறுபடியும் உள்ளே போனான். அடக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டின் மேல் பழைய மீன்பிடி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தேவாலயத்திலிருந்து எடுக்க வேண்டும். இப்போது இவனுக்குக் கொட்டகையில் என்ன வேலை?

"பாத்து வெட்டுடி. கேக்கோட விரலையும் சேத்து வெட்டிடப் போற," என்றாள் அம்மா குட்ரூன்.

"அவன் எதுக்கும்மா கொட்டகைக்குப் போறான்?"

"சிகரெட் பிடிக்கப் போயிருப்பான்."

"அதை விட்டு ரெண்டு வருசமாச்சு."

"அப்பா செத்தா மறுபடி பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

காலையில் அவன் கைகுலுக்கியபோது நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அடக்கத்துக்கு முந்தின நாள் குளித்து முகம் மழித்தவன், அதற்கப்புறம் எதைத் தொட்டான்?

வலையெடுக்கப் போன இடத்தில், உறைந்து கிடந்த வின்னிபெக் ஏரியின் நட்டநடுவில், அப்பாவின் பனிவண்டி நின்றுபோனது. டாங்கிக்கு இருப்பதுபோல் இருபக்கமும் உள்ள ரப்பர்ப் பட்டைக்குள் ஓடுகிற சக்கரங்களில் ஒன்று உறைந்து இறுகி, பட்டை கழன்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, ஆள் வரும்வரை காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா ஹல்தோர் கடப்பாரையோடு பனிக்கட்டிமேல் மல்லாந்து படுத்து, தானே பட்டையை ஏற்றப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய இதயம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வலைக்காரன் பெர்சி தன் வண்டியில் போய்ப் பார்த்தபோது, கடப்பாரையை விட மாட்டேன் என்று விரல்கள் மடங்கிக் கிடந்தனவாம். அவன்தான் அவரையும் வண்டியையும் இழுத்து வந்தான்.

அந்த வண்டி தோராவைவிட மூத்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று எய்னர் நச்சரித்துக்கொண்டே இருந்தான். போன மாதம் காப்பிக் கடையில் ஊரே கேட்கும்படி சொன்னான்: "இந்தக் கிழட்டு வண்டி ஒருநாள் உங்கள நடு ஏரியில விட்டுட்டு நிக்கப் போகுது. அப்பத்தான் புத்தி வரும்."

"மொதல்ல நீ ஒழுங்கா கிரீஸ் வைக்கக் கத்துக்கோ," என்றார் அப்பா. கடையே சிரித்தது. எய்னர் மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலையில் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைப்பது எய்னரின் வேலை. ஆனால் அந்த வீட்டில் யாரும் யார் செய்த வேலையையும் நம்பியது கிடையாது. ஒருவர் பூட்டிய கதவை இன்னொருவர் இழுத்துப் பார்ப்பார். அம்மா உப்புப் போட்ட சூப்பில் அப்பா மறுபடி உப்புப் போட்டுவிட்டு, கரிக்கிறது என்று திட்டுவார். எய்னர் கிரீஸ் வைத்துவிட்டுப் போனால், பின்னாலேயே அப்பா போய் இன்னொரு முறை வைப்பார்.

தோராவும் அந்த ரத்தம்தான். போன ஞாயிறு அம்மாவைப் பார்க்க வந்தவள், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கிரீஸை அழுத்தி ஏற்றுகிற அவளுடைய கிரீஸ் கன் அன்று காரிலேயே இருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் அத்தனைக்கும், விளிம்பில் பிதுங்குகிறவரை அடித்துவிட்டுத்தான் போனாள். இடப்பக்கம் சுவரை ஒட்டி நின்றது, குனிய இடமில்லை. ஆகவே அவள் கணக்கு சுலபமாக முடிந்தது. இறுகிப்போனது இடப்பக்கச் சக்கரமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு எய்னர் கிரீஸே வைக்கவில்லை, அப்பாவும் அன்று பார்க்காமல் விட்டிருக்கிறார். வைக்காமல் விட்டது மறதியாலா, வண்டி நிற்கட்டும் என்றா? மூன்று ராத்திரி தூங்காமல் யோசித்து, இரண்டாவதுதான் என்று முடிவுக்கு வந்திருந்தாள்.

"அவன் பெட்டியைத் தூக்கக் கூடாதும்மா," என்றாள்.

அம்மா தட்டை மூடினாள். "என்ன பேசற நீ? அவரு பெத்த பிள்ளைடி."

"வண்டி நிக்கணும்னே விட்டிருக்கான். எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன்."

எய்னரைப் பற்றி ஊரில் காதோடு காதாக ஓடுகிற பேச்சு அம்மாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். அதனால்தான் அவள் மகளை அதட்டவில்லை.

"கேளு. ஆனா மொதல்ல போய்ப் பாரு. கண்ணால பாத்ததை மட்டும் எங்கிட்ட வந்து சொல்லு."

கொட்டகைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தக் கதவை யாரும் தாழிட்டு அவள் பார்த்ததில்லை. தோளால் ஓர் இடி இடித்ததில் பழைய கொக்கி கழன்றது. எய்னர் சட்டென்று எழுந்தான். காலடியில் ஒரு சாக்குமூட்டை.

பெர்சி இரண்டு பட்டையையும் கழற்றிப்போட்டு, வண்டியை நடுவில் முட்டுமேல் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். தோரா தம்பியிடம் ஒன்றும் பேசாமல் நேரே இடப்பக்கம் போய்க் குனிந்தாள். எல்லாச் சக்கரங்களும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினாள். எல்லாம் சத்தமில்லாமல் சுற்றின. இன்னொரு முறை சுழற்றினாள். பிறகு வலப்பக்கம் வந்தாள். அங்கே பின்னாலிருந்து இரண்டாவது சக்கரம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"சாக்குல என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குப் போக்கா. அடக்கம் முடியட்டும், பேசிக்கலாம்."

"அதுக்குள்ள ஏரியில போட்டுடலாம்னு பாக்கறியா?"

அதைத்தான் நினைத்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. தோரா சாக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். சக்கரம் தரையில் விழுந்து, சுற்றி அடங்கியது. நடுவில் பேரிங்கை மூடியிருக்க வேண்டிய சீல் பிய்ந்து தொங்கியது. அந்த வாய் வழியாக ஏரித் தண்ணீர் புகுந்து உறைந்ததன் துரு உள்ளே படிந்திருந்தது. விளிம்பெல்லாம் வீட்டு டப்பாவின் கறுப்புக் கிரீஸ். அதைத் தள்ளிக்கொண்டு, பிதுங்கி வழிந்து நின்றது சிவப்பு.

அந்த ஊரில் சிவப்புக் கிரீஸ் பேருந்துகளுக்கு மட்டும்தான் வாங்குகிறார்கள்.

அப்போதும் அவள் மனம் ஒரு தடவை ஓடிப் பார்த்தது. சிவப்பை இவனே எடுத்துப் பூசியிருந்தால்? அவளுடைய கிரீஸ் கன் பேருந்து ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறது. கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். சாவி பத்திரமாக இருந்தது.

"நான் காலைல வெச்சேன்," என்றான் எய்னர், சக்கரத்தைப் பார்த்தபடி. "மதியம் அப்பா வெச்சாரு. இதுக்கு மட்டும் சீல் பழசு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால இதுக்கு அவரே ஒரு அழுத்துக்கு மேல அழுத்த மாட்டாரு. அழுத்தினா சீல் பிய்ஞ்சுடும்."

"எனக்குத் தெரியாதே."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

தோரா வண்டியின் படியில் உட்கார்ந்தாள். அப்பா மல்லாந்து படுத்திருந்த பனிக்கட்டி அவள் முதுகில் பட்டதுபோல் இருந்தது. அழுகை வந்தது. இவன் முன்னால் அழ என்ன தகுதி இருக்கிறது என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? ஊரெல்லாம் உன்னைத்தானே சொல்லுது."

"சொல்லிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிப்போச்சு. இந்த வீட்டுல நான் செஞ்ச எதை யாரு நம்பியிருக்கீங்க?" கோபமே இல்லாமல் சொன்னான். "உனக்குப் பழக்கமில்ல. நீ தாங்க மாட்ட."

சக்கரத்தைத் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினான். கையைத் துடைத்துக்கொள்ள அவளிடம் தன் கைக்குட்டையை நீட்டினான்.

தேவாலயத்தில் ஜெபம் முடிந்து, பெட்டியை எடுக்க ஆட்கள் கூடினார்கள். எய்னர் தலைமாட்டுக் கைப்பிடிக்குப் போனான். அப்பாவோடு நாற்பது வருடம் வலை போட்ட பிரின்யோல்ஃப் குறுக்கே வந்து நின்றார்.

"நீ பின்னாடி போப்பா. முன்னாடி நான் பிடிச்சுக்கறேன்."

எய்னர் பின்னால் நகர்ந்தான். அம்மா தோராவைப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து வந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்பதை அம்மா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னடி பாத்த?" என்று மெல்லக் கேட்டாள்.

சீல் பழசு என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதான். அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். தோரா பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவன் லேசாகத் தலையசைத்தான்.

"வலப்பக்கச் சக்கரம்மா," என்றாள் தோரா. பிரின்யோல்ஃபுக்கும் பெர்சிக்கும் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தினாள். "அவன் சரியாத்தான் வெச்சிருந்தான். அப்பாவும் வெச்சிருந்தாரு. அதுக்கு மேல நான் போய் அடிச்சேன். சீல் பிதுங்கி, தண்ணி உள்ள போயிடுச்சு. நான் அடிச்சதாலதான்."

பெர்சி தன் தொப்பியின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவின் கை தோராவின் முழங்கையைப் பிடித்தது. அது இறுக்கியதா, தள்ளியதா என்று தோராவுக்குப் புரியவில்லை. பிறகு அந்தக் கை விலகியது.

பிரின்யோல்ஃப் கைப்பிடியை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார். எய்னர் முன்னால் வந்து நின்றான். எதிர்ப்பக்கக் கைப்பிடிக்குப் போக வேண்டிய பெர்சி நகரவே இல்லை.

"அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோக்கா," என்றான் எய்னர்.

அவள் போய்ப் பிடித்தாள். கைப்பிடி குளிரில் உள்ளங்கையோடு ஒட்டியது. ஆறு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். வாசல் படியில் பனி வழுக்கியது. அவள் சரியாகப் பிடித்திருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்காமலே எய்னர் முதல் படியில் காலை வைத்தான்.